வேலையில்லாத் திண்டாட்டமும் அப்பீல் இல்லாத் தீர்ப்பும்

நம் நாட்டில் எதற்குத்தான் அப்பீல் இல்லை? இரண்டு வீட்டுக்கு நடுவே நிற்கும் ஒரு தென்னைமரம் யாருடையது என்கின்ற தகராறு வந்துவிட்டால், அது முன்சீப் கோர்ட்டில் ஆரம்பித்து, சப்கோர்ட்டுக்கு ஏறி, ஐக்கோர்ட்டுக்கு நடந்து, வக்கீல்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும் இரண்டு தலைமுறைக்குச் சோறு போட்டுவிட்டு, டில்லி சுப்ரீம் கோர்ட்டு வரையிலும்கூடப் போகக்கூடும். வெள்ளைக்காரன் காலத்திலோ கப்பலேறி லண்டன் பிரிவி கவுன்சிலுக்கே போய் வந்தது. திருடினவனுக்கு அப்பீல் உண்டு. கொலை செய்தவனுக்கு அப்பீல் உண்டு. தூக்குத் தண்டனை உறுதியான பிறகும் ஜனாதிபதிக்குக் கருணை மனு உண்டு. வருமான வரி கட்ட மனமில்லாத கோடீஸ்வரனுக்கு, அப்பீல் கேட்பதற்கென்றே ஒரு கமிஷனர், அவருக்குமேல் ஒரு டிரிபியூனல், அதற்குமேல் ஐக்கோர்ட்டு என்று படிப்படியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால், படித்துவிட்டு, ஐந்து வருஷம் பெயரைப் பதிந்துவைத்துக் காத்துக் கிடந்துவிட்டு, சர்க்கார் தானே அறிவித்த மாதம் 600 ரூபாயைக் கேட்டு வந்து நிற்கும் வேலையில்லாத வாலிபன் ஒருவனைப் பார்த்து, "உனக்குத் தகுதியில்லை" என்று மேசைக்கு அந்தப்புறம் உட்கார்ந்திருப்பவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அந்தத் தீர்ப்புக்கு மாத்திரம் அப்பீல் கிடையாது. தலைவிதிக்கு அப்பீல் இல்லை என்று சாஸ்திரக்காரர்கள் சொல்லுவதுண்டு. தலைவிதி என்று ஒன்று இல்லை என்று நாம் இத்தனை காலமாய்ச் சொல்லி வந்தும், சர்க்கார் காரியாலயத்தில் அதற்கு ஒரு மேசையும் நாற்காலியும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்பதைப் பார்க்கும்போது நமக்கே ஆச்சரியமாய் இருக்கிறது.

இந்த உதவித் தொகை இன்னதென்று அறியாத கிராமத்துத் தோழர்களுக்காக முதலில் அதைச் சொல்லிவிடுகிறோம். தமிழ்நாடு சர்க்கார் வேலைவாய்ப்பு அலுவலகங்களின் மூலம் வேலையில்லாத இளைஞர்களுக்கு உதவித் தொகை என்று ஒன்று கொடுக்கிறது. பத்தாம் வகுப்பில் தவறினவருக்கு மாதம் 200 ரூபாய், தேறினவருக்கு 300, பன்னிரண்டாம் வகுப்புத் தேறினவருக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று வருஷத்துக்கு மட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாங்கில் சேர்க்கப்படும். மாற்றுத் திறனாளிகளுக்கு இதைவிடச் சற்று அதிகம்; பத்து வருஷம் வரை உண்டு; வருமான வரம்பும் இல்லை. அது நியாயமே. மற்றவர்களுக்கு விதிக்கப்பட்டிருக்கும் நிபந்தனைகளைப் பாருங்கள். பெயரைப் பதிந்து ஐந்து வருஷம் முடிந்திருக்க வேண்டும். பதிவை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தவறாமல் புதுப்பித்திருக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றால் 45 வயதுக்கும், மற்றவர்கள் 40 வயதுக்கும் மேற்படக் கூடாது. பொறியியல், மருத்துவம், விவசாயம், சட்டம் முதலிய தொழிற்பட்டம் பெற்றவர்களுக்குக் கிடையாது. (என்ஜினீயர்களுக்கெல்லாம் நாட்டில் வேலை காத்துக் கிடக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போலும்.) எல்லாவற்றுக்கும் மேலாகக் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000 ரூபாய்க்கு மேற்படக் கூடாது.

600 ரூபாயை முப்பது நாளால் வகுத்தால் நாள் ஒன்றுக்கு 20 ரூபாய் ஆகிறது. மயிலாப்பூர் மாடவீதி ஓட்டலில் ஒரு டம்ளர் காப்பி இந்தக் காசுக்குக் கிடைக்காது. பத்தாம் வகுப்பில் தவறினவருக்கு நாளொன்றுக்கு ஆறு ரூபாய்ச் சொச்சம். இதை வாங்கிக்கொண்டு சோம்பேறியாய் உட்கார்ந்துவிடுவான் என்று சில கனவான்கள் பயப்படுகிறார்கள். ஆறு ரூபாயில் ஒருவன் சோம்பேறியாய் வாழ முடியுமானால் அந்த வித்தையை நாம் அவனிடம் போய்க் கற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

தொகை போகட்டும். 72,000 என்பதை எடுத்துக்கொள்ளுவோம். மாதத்துக்கு 6,000 ஆகிறது. அதாவது, தகப்பனார் அடையாறில் ஒரு அடுக்குமாடி வீட்டு வாசலில் காவற்காரராய் நின்று, சர்க்காரே நிர்ணயித்திருக்கும் குறைந்தபட்சக் கூலியை வாங்கினால் போதும், அந்தக் குடும்பம் வரம்பைத் தாண்டிவிடுகிறது. சர்க்காரின் ஒரு கை "இதற்குக் குறைந்து கூலி கொடுத்தால் குற்றம்" என்று முதலாளிக்கு உத்தரவு போடுகிறது. மற்றொரு கை "அந்தக் கூலியை வாங்குகிற வீட்டில் ஏழை இல்லை" என்று பிள்ளைக்கு எழுதுகிறது. இந்தப் பட்டணத்தில் குடியிருந்துகொண்டு இந்த வரம்புக்குள் அடங்க வேண்டுமானால், ஒன்று குடும்பமே சட்டத்துக்கு விரோதமான கூலிக்கு உழைத்துக் கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பொய் சொல்ல வேண்டும். ஜனங்களைப் பொய் சொல்லும்படியான இடத்தில் நிறுத்திவிட்டு, பிறகு பொய் சொல்லுகிறான் என்று அவர்கள்மீதே பழி போடுவது எந்த ஊர் நியாயமோ நமக்குத் தெரியவில்லை.

நிற்க. வரம்புக்கு வெளியே நிற்பவர்களைப் பற்றி மட்டும் நாம் இங்கே எழுத வரவில்லை. வரம்புக்குள்ளேயே இருந்தும் விரட்டப்பட்ட ஒருவருடைய கதை சமீபத்தில் நம்மிடம் வந்தது. எந்தக் காரியாலயம், எந்த அதிகாரி என்று நாம் எழுதப்போவதில்லை. நமக்குத் தனிப்பட்ட யார்மீதும் துவேஷம் இல்லை. அந்த மேசைக்குப் பின்னால் வேறொருவர் உட்கார்ந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்பதே நமது புகார்.

மயிலாப்பூரில் ஒரு சந்துவீட்டில் குடியிருக்கும் தோழர் அவர். பி.ஏ. தேறியவர். தகப்பனார் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. தாயார் தியாகராயநகரில் இரண்டு வீடுகளில் பாத்திரம் துலக்கி மாதம் 4,500 ரூபாய் கொண்டு வருகிறார். வேறு வரும்படி இல்லை. ஆகவே நிபந்தனைக்கு அப்பழுக்கில்லாமல் பொருந்துகிறவர். மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்தார். சில வாரங்கள் கழித்துப் போய்க் கேட்டதற்கு, "குடும்ப வருமானம் அதிகம், தகுதியில்லை" என்று சொன்னார்களாம். விசாரித்ததில், தகப்பனார் உயிரோடு இருந்து சம்பாதித்த காலத்தில் ஏதோ ஸ்காலர்ஷிப்புக்காக வாங்கிய பழைய வருமானச் சர்டிபிகேட்டைப் பார்த்துவிட்டு இந்த முடிவுக்கு வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. இறந்துபோனவர்களுக்கு இங்கே கொடுக்கும் பிண்டம் அங்கே போய்ச் சேருகிறது என்று புரோகிதர் சொல்லுவார். இறந்துபோனவருடைய சம்பளம் அங்கிருந்து மாதாமாதம் இங்கே வந்து சேருகிறது என்று இந்தக் காரியாலயம் கண்டுபிடித்திருக்கிறது. இருவரில் யார் பெரியவர் என்று வாசகர்களே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

தோழர் இறப்புச் சர்டிபிகேட்டைக் கையிலேயே வைத்திருந்தார். அதைப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும். ஆனால் பார்ப்பதற்கு ஆள் இல்லை. "எழுத்து மூலமாய்க் காரணத்தைக் கொடுங்கள்" என்றார். "அப்படிக் கொடுக்கிற வழக்கம் இல்லை" என்றார்கள். "அப்படியானால் யாரிடம் சொல்லிக்கொள்ளுவது?" என்றார். "மேலே போய்க் கேளுங்க" என்றார்கள். மேலே என்றால் எங்கே? அந்தக் கட்டிடத்துக்கு மாடி இருந்தது. மாடியில் வேறு இலாகா இருந்தது. அவர்களும் "மேலே கேளுங்க" என்றார்களாம். அதற்கு மேலே ஆகாயம்தான். மேலே இருப்பவனிடம் முறையிடச் சொல்லும் உபதேசத்தை நாம் கோவில்களில் கேட்டிருக்கிறோம். இப்போது காரியாலயங்களிலும் கேட்கிறோம்.

கடைசியில் யாரோ சொன்னதைக் கேட்டு, ராஜாஜி சாலையிலுள்ள கலெக்டர் ஆபீசுக்கு ஒரு திங்கட்கிழமை போய், மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தார். ரசீது கொடுத்தார்கள். ஒரு மாதத்துக்குள் பதிலும் வந்தது. "தங்கள் மனு சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது" என்று ஒரு வரி. சம்பந்தப்பட்ட அலுவலகம் எது? அவருக்கு இல்லையென்று சொன்ன அதே அலுவலகம்! யார்மீது புகாரோ அவரிடமே புகாரைக் கொடுத்து, "இது சரிதானா என்று நீயே சொல்" என்று கேட்பதற்குப் பெயர் குறைதீர்ப்பாம். மாமியார்மீது மருமகள் கொடுத்த புகாரை மாமியாரே விசாரித்த கதைதான் இது. அந்தத் தோழருக்கு இன்றுவரை ஒரு காசும் வரவில்லை.

இதே வீட்டில் இன்னொரு சங்கதி நடந்திருக்கிறது. அதைச் சொன்னால்தான் நாம் எழுதுவதன் அர்த்தம் விளங்கும்.

2023ஆம் வருஷம் செப்டம்பர் 15ந் தேதி, குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் காஞ்சிபுரத்தில் ஆரம்பிக்கப்பட்டது. அந்தத் தோழருடைய தாயாரும் மனுப் போட்டிருந்தார். அவருக்கும் முதலில் இல்லையென்றே வந்தது. ஆனால் எப்படி வந்தது? டெலிபோனில் குறுஞ்செய்தியாக, காரணத்தோடு வந்தது. வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவழிக்கும் குடும்பங்களுக்குக் கிடையாது என்பது அத்திட்டத்தின் விதி. அவர் குடியிருந்த வீட்டில் நாலு குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரே மீட்டர். அந்த நாலு வீட்டு விளக்கும் இவர் ஒருவர் தலையில் எரிந்துவிட்டது! மறுக்கப்பட்டவர்கள் 30 நாளைக்குள் இ-சேவை மையத்தின் மூலம் வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம், அவரும் 30 நாளைக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று சர்க்கார் அறிவித்திருந்தது. அந்த அம்மாள் அப்படியே செய்தார். ஆள் வந்து விசாரித்துவிட்டுப் போனார். பணம் வந்தது.

அந்த அம்மாள் ஒருவர் மட்டுமல்ல. அத்திட்டத்துக்கு ஒரு கோடியே 63 லட்சம் பேர் மனுப் போட்டதில் ஒரு கோடியே 6 லட்சத்துக்குச் சற்று மேற்பட்டவர்கள்தான் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். மேல்முறையீடுகளும் மறுவிசாரணைகளும் நடந்தபின், அந்த வருஷம் நவம்பர் மாதத்தில் சுமார் 7 லட்சத்து 35 ஆயிரம் பேர் புதிதாகச் சேர்க்கப்பட்டார்கள். இது சர்க்காரே பெருமையோடு சொன்ன கணக்கு. நாமும் பெருமையோடுதான் எடுத்துக்கொள்ளுகிறோம். ஆனால் அந்தக் கணக்குக்கு இன்னொரு முகமும் உண்டு. ஒரே திட்டத்தில், முதல் பார்வையில் விட்டுப்போனவர்கள் லட்சக்கணக்கில் இருக்கக்கூடும் என்பதை அது ஒப்புக்கொள்ளுகிறது. அப்படியானால் உதவித் தொகைக் காரியாலயங்களில் மாத்திரம் தவறே நடப்பதில்லையா? அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் என்ன முக்காலமும் உணர்ந்த முனிவர்களா? தவறு அங்கேயும் நடக்கிறது. எண்ணுவதற்கு ஆள் இல்லாததால் எண்ணிக்கை இல்லை. எண்ணிக்கை இல்லாததால் தவறே இல்லை என்று பெயர்.

இன்னொரு வேடிக்கையையும் கவனியுங்கள். உரிமைத் தொகைக்குக் குடும்ப வருமான வரம்பு வருஷத்துக்கு இரண்டரை லட்ச ரூபாய். உதவித் தொகைக்கு 72,000 ரூபாய். ஒரே கூரை, ஒரே அடுப்பு, ஒரே வருமானம். மாதம் 10,000 ரூபாய் வருகிற ஒரு வீட்டில் தாயார் ஏழை; பிள்ளை பணக்காரன்! அதே சர்க்கார், அதே வருவாய் இலாகா, அதே கையெழுத்து. இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்ததில், பெயரிலிருந்தே வருகிறது என்று நமக்குத் தோன்றுகிறது. ஒன்றுக்கு உரிமை என்று பெயர் வைத்தார்கள். உரிமை என்றால் மறுத்தவன் பதில் சொல்லியாக வேண்டும். மற்றொன்றுக்கு உதவி என்று பெயர். உதவி என்றால் கொடுத்தவன் தர்மப் பிரபு. கொடுக்காவிட்டாலும் அவன் பிரபுதான். பங்குனி மாதத்தில் மயிலாப்பூர் அறுபத்துமூவர் உற்சவத்தில் நாலு மாடவீதியிலும் பந்தல் போட்டு நீர்மோரும் புளியோதரையும் கொடுக்கிறார்கள் அல்லவா? வரிசையில் நம் முறை வரும்போது அண்டா காலியாகிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? "எனக்கு முன்னால் நின்றவனுக்கு இரண்டு தொன்னை கொடுத்தாயே, எனக்கு ஏன் இல்லை?" என்று கேட்டால், "ஓசியில் வாங்க வந்தவனுக்கு வாயைப் பார்" என்பார்கள். தர்மத்தில் கேள்வி இல்லை. கேட்டால் தர்மமே கெட்டுவிடும் என்பார்கள். இருக்கட்டும், அது கொடுக்கிறவருடைய சொந்தக் காசு. ஆனால் சர்க்கார் கஜானாவில் இருப்பது யாருடைய காசு? அந்தத் தோழர் வாங்குகிற சோப்புக் கட்டிக்கும், அவர் தாயார் கால் கடுக்க நடந்து தேய்ந்த செருப்புக்கும் வரி போட்டுச் சேர்த்த காசு. அதைக் கொடுப்பதில் அன்னதானம் செய்கிற தோரணை எதற்கு?

இப்படிச் சொன்னால், "இதெல்லாம் மேல்நாட்டுப் பேச்சு, நம் நாட்டுக்குப் பொருந்தாது" என்று ஒரு கூட்டம் கிளம்பும். மேல்நாட்டில் என்ன செய்தார்கள் என்பதையும் பார்த்துவிடுவோம். பிரிட்டிஷ்காரன் 1911ஆம் வருஷத்திலேயே வேலையில்லாதவர்களுக்கு இன்ஷியூரன்ஸ் சட்டம் செய்தான். வாரத்துக்கு 7 ஷில்லிங். வருஷத்துக்கு 15 வாரத்துக்கு மேல் இல்லை. அற்பத் தொகைதான். ஆனால் அந்தச் சட்டத்திலேயே, மறுக்கப்பட்டவன் முறையிட ஒரு மத்தியஸ்த சபையை வைத்தான். அதில் முதலாளிகள் தரப்பில் ஒருவர், தொழிலாளிகள் தரப்பில் ஒருவர், இரு தரப்பையும் சேராத தலைவர் ஒருவர். அதற்குமேல் ஒரு அம்பயர். அதாவது இல்லையென்று சொன்ன குமாஸ்தாவுக்கு அந்தச் சபையில் நாற்காலி கிடையாது. நம்மை ஆண்டுகொண்டிருந்த அதே பிரிட்டிஷ்காரன்தான். கோட்டையையும் கச்சேரியையும் இங்கே கொண்டுவந்தவன் இதை மட்டும் கப்பலில் ஏற்ற மறந்துவிட்டான். அவன் போன பிறகு நம்மவர்களுக்காவது நினைவுக்கு வந்ததா?

அமெரிக்காவில் 1935ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டம், வேலையில்லாதவர்களுக்குக் கொடுக்கும் பணத்தை மறுத்தால், பட்சபாதமற்ற ஒரு டிரிபியூனலின் முன் நியாயமான விசாரணைக்கு இடம் இருந்தே ஆக வேண்டும் என்று ராஜ்யங்களுக்கு நிபந்தனை போட்டது. இல்லாவிட்டால் மத்திய சர்க்கார் பணம் வராது. அதன்படி ராஜ்யத்துக்கு ராஜ்யம் அப்பீல் விசாரிக்க அமைப்புகள் ஏற்பட்டன. காலிபோர்னியாவில் இதற்கென்றே ஒரு அப்பீல் போர்டு இருக்கிறது. மறுக்கப்பட்டவர் 30 நாளைக்குள் எழுதிப் போட வேண்டும்; கட்டணம் கிடையாது; வக்கீல் கட்டாயமில்லை; நீதிபதி ஒருவர் டெலிபோனிலாவது இருவரையும் வைத்துக்கொண்டு கேட்பார்; அவர் சொன்னதும் திருப்தியில்லாவிட்டால் போர்டுக்குப் போகலாம். முதல் அப்பீல்களில் நூற்றுக்கு 60ஐ 30 நாளைக்குள்ளும், 80ஐ 45 நாளைக்குள்ளும் முடிக்க வேண்டும் என்று மத்திய சர்க்கார் அளவும் வைத்திருக்கிறது. ஒருவருக்குப் பணம் கொடுக்கலாம் என்று தீர்ப்பான பிறகு, முதலாளி அப்பீல் போட்டான் என்பதற்காக அதை நிறுத்திவைக்கக் கூடாது என்று 1971இல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு காலிபோர்னியா வழக்கு ஒன்றிலேயே சொல்லியிருக்கிறது. வயிறு வாய்தா கேட்காது என்பது அங்கே நீதிபதிகளுக்கும் தெரிந்திருக்கிறது.

அமெரிக்கா சொர்க்கம் என்று நாம் சொல்ல வரவில்லை. சொர்க்கத்தில் நமக்கு நம்பிக்கையும் இல்லை. 2020இல் கொரோனா வந்தபோது அங்கே அப்பீல்கள் மலைபோல் குவிந்து, பல ராஜ்யங்களில் ஜனங்கள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். ஆனால் தாமதத்தைத் தாமதம் என்று சொல்ல அங்கே ஒரு அளவுகோல் இருந்தது. 30 நாள் என்று எழுதியிருந்ததால் 31ஆம் நாள் கேள்வி கேட்க முடிந்தது. இங்கே தாமதமே கிடையாது. நடக்காத கலியாணத்துக்கு முகூர்த்தம் தவறுவது எப்படி?

"அவையெல்லாம் தொழிலாளியும் முதலாளியும் பணம் கட்டின இன்ஷியூரன்ஸ், இது சர்க்கார் சும்மா கொடுப்பது" என்று சில படித்தவர்கள் சமாதானம் சொல்லுவார்கள். சரி, பணம் கட்டினவர்களுக்கு இங்கே என்ன நடந்தது என்று பார்ப்போம். ஈ.எஸ்.ஐ.யில் 2018ஆம் வருஷம், வேலையிழந்தவர்களுக்கென்று 'அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா' என்று ஒரு திட்டம் வந்தது. ரங்கநாதன் தெருக் கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்த பெண் இந்தப் பெயரை உச்சரிக்கக் கற்றுக்கொள்ளுவதற்குள் காலம் கடந்துவிடும், அது போகட்டும். வாழ்நாளில் ஒரே ஒருமுறை, 90 நாளைக்கு, சராசரிக் கூலியில் நாலில் ஒரு பங்கு. 2020இல் பாதிப் பங்காக உயர்த்தினார்கள். ஆனால் அந்த வருஷம் வரையில் மனுவை யார் மூலம் அனுப்ப வேண்டும் என்று வைத்திருந்தார்கள் தெரியுமா? வேலையைவிட்டு நீக்கிய அந்த முதலாளி மூலமாகத்தான்! கழுத்தைப் பிடித்துத் தள்ளியவனிடமே போய், "ஐயா, தாங்கள்தான் தள்ளினீர்கள் என்று ஒரு சீட்டுக் கொடுங்கள்" என்று கேட்க வேண்டுமாம். கொரோனாவில் ஊரே தெருவில் நின்ற பிறகுதான், நேரே கிளை ஆபீசிலேயே கொடுக்கலாம் என்று மாற்றினார்கள்.

ஆயினும், அப்பீல் என்பது நம் நாட்டுக்குத் தெரியாத சரக்கு அல்ல. 1948ஆம் வருஷத்து ஈ.எஸ்.ஐ. சட்டத்திலேயே பணப்பயன் சம்பந்தமான தகராறுகளை விசாரிக்கத் தனிக் கோர்ட்டும், சட்டப் பிரச்சினை இருந்தால் அதற்குமேல் ஐக்கோர்ட்டும் வைத்தார்கள். அதற்கும் ஒரு வருஷம் முந்திய 1947ஆம் வருஷத்துச் சென்னைக் கடைகள் சட்டத்தின் 41ஆவது பிரிவு, ஆறு மாதத்துக்குக் குறையாமல் வேலை பார்த்த கடைச் சிப்பந்தியைத் தக்க காரணமின்றி நீக்கக்கூடாது என்றும், நீக்கினால் அவன் அப்பீல் செய்யலாம் என்றும் சொல்லுகிறது. 2021இல் அதே சட்டத்தில், சிப்பந்திகள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்றும் திருத்தம் செய்தார்கள். வேலையில் இருப்பவனுக்கு உட்கார நாற்காலி. வேலையைவிட்டு நீக்கப்பட்டவனுக்கு அப்பீல். வேலையே கிடைக்காதவனுக்கு மட்டும் ஒன்றுமில்லை. வேலை கிடைத்தால்தான் மனிதன் போலிருக்கிறது.

உலகத் தொழில் ஸ்தாபனத்தின் 1952ஆம் வருஷத்து 102ஆவது ஒப்பந்தம், பணப்பயன் மறுக்கப்பட்ட எவருக்கும் அப்பீல் உரிமை இருக்க வேண்டும் என்கிறது. அந்த ஸ்தாபனம் 1919இல் ஏற்பட்ட நாள்முதல் இந்தியா அதில் அங்கத்தினர். ஆனால் இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. நமது அரசியல் சட்டமோ 41ஆவது ஷரத்தில், வேலையில்லாத காலத்தில் பொது உதவி பெறும் உரிமைக்கு ராஜ்யம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அழகாய் எழுதிவைத்து, அதற்கு நாலு ஷரத்துக்கு முன்னாலேயே, இதையெல்லாம் கோர்ட்டில் கேட்க முடியாது என்றும் எழுதிவைத்திருக்கிறது. இலையைப் போட்டுக் கையைக் கட்டிவிட்ட விருந்து இது.

"ஐக்கோர்ட்டில் ரிட் போடலாமே, யார் தடுத்தார்கள்?" என்று ஒரு வக்கீல் நண்பர் நம்மைக் கேட்டார். ஒருவரும் தடுக்கவில்லை. பட்டதாரிக்கு மூன்று வருஷத்துக்கும் சேர்த்துக் கிடைக்கக்கூடியது மொத்தம் 21,600 ரூபாய். பத்தாவது தவறினவருக்கு 7,200. அந்த நண்பர் தமது பீஸ் எவ்வளவு என்று சொல்லட்டும், பிறகு பேசுவோம்.

"அப்பீல் வைத்தால் பொய் மனுக்கள் பெருகும்" என்பது மற்றொரு வாதம். பொய் மனுவைத் தடுப்பதற்கு வருஷந்தோறும் சுய உறுதிமொழி வாங்குகிறார்கள். கிராம நிர்வாக அதிகாரியும் வருவாய் ஆய்வாளரும் கையெழுத்துப் போடுகிறார்கள். அவ்வளவு காவலும் உள்ளே வருகிறவன்மீதே இருக்கிறது. வெளியே தள்ளுகிற கைக்கு ஒரு காவலும் இல்லை. தகுதியில்லாத ஒருவனுக்கு 600 ரூபாய் போய்விட்டால் தணிக்கை வரும், விளக்கம் கேட்பார்கள். தகுதியுள்ள நூறு பேருக்கு இல்லையென்று சொல்லிவிட்டால் ஒரு கேள்வியும் வராது. ஆகவே, அந்த மேசையில் உட்கார்ந்திருக்கும் எந்தப் புத்திசாலியும் எதைச் செய்வார்? சந்தேகம் வந்தால் இல்லையென்றே எழுதுவார். இதில் அவரை மாத்திரம் குற்றம் சொல்லிப் பயனில்லை. இல்லையென்று சொல்வதற்கு விலையே இல்லாதபடி செய்து வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

2023ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டு வேலைவாய்ப்பு அலுவலகங்களில் பெயர் பதிந்து காத்திருந்தவர்கள் 60 லட்சத்துக்குக் குறையாதவர்கள். சாந்தோமில் வேலைவாய்ப்பு ஆபீஸ் இருந்த நாட்களில், கடற்காற்றில் வரிசையில் நின்று அட்டை வாங்கியவர்களில் பலர் இன்று தலை நரைத்துப்போய்த் தங்கள் பிள்ளைகளின் பெயரைக் கம்ப்யூட்டரில் பதிந்துகொண்டிருக்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் வேலை கொடு என்று கேட்டால் அது பெரிய பேச்சு. அதை நாம் வேறு சமயத்தில் பேசுவோம். இப்போது கேட்பது மிகச் சிறிய காரியம். இல்லையென்றால் இன்ன காரணத்தால் இல்லையென்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதை, எழுதினவர் அல்லாத வேறொருவர், கூடுமானால் வேறு இலாகாக்காரர், மனுதாரரை எதிரில் வைத்துக்கொண்டு குறித்த நாளுக்குள் விசாரிக்க வேண்டும். தவறென்று கண்டால் முதல் மாதத்திலிருந்து கணக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டும். வருமான வரம்பையாவது தாயாருக்கும் பிள்ளைக்கும் ஒன்றாக வைக்க வேண்டும். இதற்குப் புதுக் கட்டிடம் வேண்டாம், புது உத்தியோகம் வேண்டாம். உரிமைத் தொகைக்கு வைத்த இ-சேவை மையமும் கோட்டாட்சியரும் அங்கேயேதான் இருக்கிறார்கள். (கோட்டாட்சியரும் அதே வருவாய் இலாகாதானே என்றால், ஆம், அது குறைதான், ஆனாலும் ஆகாயத்தைவிட அவர் கிட்டத்தில் இருக்கிறார்.)

அந்த மயிலாப்பூர்த் தோழரிடம் நாம் ஒன்று சொன்னோம். 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டி, "என் மனுவை மறுத்தவர் யார், எந்த விதியின் கீழ் மறுத்தார், எந்தச் சர்டிபிகேட்டைப் பார்த்தார், இந்த மறுப்புக்கு மேல்முறையீட்டு அதிகாரி யார்?" என்று நாலே கேள்வி கேட்டு எழுதிப் போடச் சொன்னோம். 30 நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முதல் அப்பீல் உண்டு. அதற்கும் சரிவராவிட்டால் தகவல் கமிஷனுக்கு இரண்டாவது அப்பீல் உண்டு. பணத்தை மறுத்தால் அப்பீல் இல்லை. ஏன் மறுத்தாய் என்ற கேள்விக்குப் பதிலை மறுத்தால் மட்டும் இரண்டு அப்பீல்! தோழர் சிரித்துக்கொண்டே எழுதிப் போட்டிருக்கிறார். போட்டு இன்றைக்குப் பத்தொன்பது நாள் ஆகிறது. என்ன பதில் வருகிறதோ, அதை அப்படியே இந்தப் பத்திரிகையில் வெளியிடுவோம்.